காப்பீட்டு நிறுவனம் போட்ட வழக்கில் காயம்பட்டவருக்கு இடம் உண்டா?

கேள்வி:

வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவில் ட்ரேசி நகரத்துக் கிடங்கு ஒன்றில் என் கணவர் வேலை செய்கிறார். இருபது மாதங்களுக்கு முன் சரக்கு இறக்கும் மேடையில் வேறொரு நிறுவனத்தின் லாரி பின்னால் வந்து அவர் காலை நசுக்கிவிட்டது. இரண்டு அறுவை சிகிச்சைகள் ஆயின. வொர்க்கர்ஸ் காம்ப் (வேலையில் ஏற்படும் காயத்துக்கான இழப்பீடு) காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவையும் சம்பளத்தில் ஒரு பங்கையும் கொடுத்தது. இப்போது பாதி நேர வேலைக்குப் போகிறார். மாடிப்படி ஏற முடியவில்லை. போன வாரம் பதிவுத் தபாலில் ஒரு கட்டு வந்தது. அந்தக் காப்பீட்டு நிறுவனம் லாரி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டிருக்கிறதாம். அதில் என் கணவர் பெயர் பல இடங்களில் இருக்கிறது. மறுநாள் அவர்களுடைய வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்து, "எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றார். எங்கள் காம்ப் வழக்கறிஞரோ "இது என் வேலை இல்லை" என்கிறார். என் கணவர் மீதா வழக்கு? அதில் அவரும் சேர முடியுமா? சேர்ந்தால் காம்ப் பணம் நின்றுவிடுமா? கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் நீதிமன்றம் என்றாலே அவருக்குப் பயம். இன்னொன்று: அந்த மேடையின் எச்சரிக்கை விளக்கு பல வாரங்களாக எரியவில்லை என்கிறார். இதை யாரிடம் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் கணவர் மீது யாரும் வழக்குப் போடவில்லை. கட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். வாதி என்ற இடத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும், பிரதிவாதி என்ற இடத்தில் லாரி நிறுவனம், ஓட்டுநர் பெயர்களும் இருக்கும். காயம்பட்டவர் யார் என்று சொல்லாமல் வழக்கை எழுத முடியாது என்பதால்தான் உங்கள் கணவர் பெயர் உள்ளே வருகிறது. அந்தக் கட்டு உங்கள் வீட்டுக்கு வந்ததற்கும் சட்டக் காரணம் உண்டு. கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 3853ஆம் பிரிவு, முதலாளி தரப்போ தொழிலாளியோ மூன்றாம் தரப்பின் மீது, அதாவது காயத்துக்குக் காரணமான வேறொருவர் மீது, வழக்குப் போட்டால், அதன் நகலை உடனடியாக மற்றவருக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்க்க வேண்டும் என்கிறது. இந்த அத்தியாயத்தில் முதலாளி என்ற சொல் காப்பீட்டு நிறுவனத்தையும் உள்ளடக்கியது. நகல் அனுப்பச் சொன்னது வெறும் தகவலுக்காக அல்ல. அதே பிரிவின் அடுத்த வரி, வழக்கின் உண்மைகள் மீதான விசாரணை தொடங்கும் வரை எப்போது வேண்டுமானாலும் மற்றவரும் வாதியாகச் சேரலாம் என்கிறது. உங்கள் கைக்கு வந்திருப்பது, சட்டப்படி பார்த்தால், ஓர் அழைப்பிதழ். அனுப்பியவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே சேரலாமா என்ற கேள்விக்கு விடை: சேரலாம், அது அவருடைய உரிமை. சேர வேண்டுமா என்ற கேள்விக்கு என் விடை: சேர வேண்டும், அதுவும் தனக்கென ஒரு வழக்கறிஞரோடு. ஏன் என்று சொல்கிறேன்.

வொர்க்கர்ஸ் காம்ப் என்பது ஒரு பேரம். யார் தவறு என்று கேட்காமல் முதலாளி தரப்பு பணம் கொடுக்கும். பதிலுக்குத் தொழிலாளி முதலாளி மீது சாதாரண நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. பேரம் என்பதால் கொடுப்பதும் அளவோடுதான். சம்பளம் போனதற்குத் தற்காலிக இயலாமைத் தொகையாகச் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கும் ஓர் உச்சவரம்பு. பெரும்பாலான காயங்களுக்கு, காயம் நேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் 104 வாரங்கள் வரைதான் அது கிடைக்கும். வலிக்கும் வேதனைக்கும் ஒரு டாலர்கூடக் கிடையாது. ஆனால் இந்தப் பேரம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலானது. மேடையில் காலை நசுக்கிய லாரி நிறுவனம் அதில் கையெழுத்துப் போடவில்லை. 3852ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: காம்ப் வாங்கியதால், முதலாளி அல்லாத வேறொருவரிடம் முழு நஷ்ட ஈடு கேட்கும் உரிமை தொழிலாளிக்குப் போய்விடாது. கிடைக்காத மூன்றில் ஒரு பங்குச் சம்பளம், இனி குறையப்போகும் வருமானம், வலி, வேதனை, நடையில் வந்த மாற்றம், எல்லாவற்றையும் லாரி நிறுவனத்திடம் கேட்கலாம். அதே பிரிவு, பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனமும் தான் கொடுத்ததை அந்த மூன்றாம் தரப்பிடமிருந்து வசூலிக்க வழக்குப் போடலாம் என்கிறது. அவர்கள் செய்திருப்பது இதைத்தான்.

அந்த வழக்கறிஞர் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எதைப் பார்த்துக்கொள்கிறார் என்பதுதான் கேள்வி. அவருடைய கட்சிக்காரர் மருத்துவமனைக்கும் உங்களுக்கும் கொடுத்த தொகையைத் திரும்பப் பெறுவது அவர் வேலை. அந்தத் தொகைக்கு ரசீதுகள் இருக்கின்றன; நிரூபிக்க எளிது. உங்கள் கணவர் இரவில் தூங்குகிறாரா, பிள்ளையைத் தூக்க முடிகிறதா, ஐந்து ஆண்டு கழித்து அந்த வேலையில் நீடிக்க முடியுமா என்பதையெல்லாம் நிரூபிக்க மருத்துவ நிபுணர், தொழில்சார் நிபுணர் எல்லோரையும் அழைக்க வேண்டும். அதற்கு அவர் ஏன் செலவு செய்வார்? 3856ஆம் பிரிவின்படி காப்பீட்டு நிறுவனம் தனியாக வழக்கு நடத்தி ஜெயித்தால், வழக்குச் செலவும் கட்டணமும் முதலில் போகும், பிறகு அது கொடுத்த தொகை போகும், மிச்சம் இருந்தால் தொழிலாளிக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். தாளில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தன் பணத்தை மட்டும் நிரூபிக்கிறவர் ஜெயிக்கும் தொகையில் மிச்சம் எங்கிருந்து வரும்?

சேராமல் இருந்துவிட்டு, பிறகு தனியாக ஒரு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே காயத்துக்கு ஒருவரை இரண்டு முறை நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பிரிவுகளின் அடிப்படை எண்ணம். தனித்தனியாகப் போட்டாலும் இரண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்றே 3853 சொல்கிறது. முதல் வழக்கு முடிந்தபின் இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு போனால், எதிர்த்தரப்பு முதல் நாளே ஆட்சேபிக்கும். ஒதுங்கி இருப்பதில் நிம்மதியும் கிடைக்காது. கால் உங்கள் கணவருடையது. அவர் வாதியாக இல்லாவிட்டாலும் சாட்சியாக அழைப்பார்கள், அவருடைய மருத்துவப் பதிவுகளைக் கேட்பார்கள், டெபொசிஷனில், அதாவது விசாரணைக்கு முன் சத்தியம் வாங்கிக்கொண்டு எடுக்கும் வாக்குமூலத்தில், மணிக்கணக்காகக் கேள்வி கேட்பார்கள். வழக்கின் சிரமம் முழுவதும் அவருக்கு, பலன் மட்டும் வேறு ஒருவருக்கு என்பது எனக்கு ஏற்பில்லை.

இனி காலக்கெடு. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கலிபோர்னியாவில் உடற்காய வழக்குக்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். 2003க்கு முன் ஒரே ஆண்டாக இருந்தது. பழைய ஆட்கள் சொல்லும் கணக்கைக் கேட்டு "முடிந்துவிட்டதே" என்று கைவிட்டவர்களும் உண்டு. 1977இல் சான்ஃபாக்ஸ் என்ற நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், காம்ப் கொடுத்த முதலாளி தொடுக்கும் வழக்கும் தொழிலாளியின் காய வழக்குக்கு உரிய அதே காலவரம்புக்கு உட்பட்டதுதான் என்று சொன்னது. இரண்டும் ஒரே காயத்தில் பிறந்தவை. உங்களுக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் உரிய காலத்தில் போட்டுவிட்டது, விசாரணை வரை சேரலாம் என்று சட்டமே சொல்கிறது, அவசரம் என்ன என்று கேட்பீர்கள். அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு பிறகு வாதாட முடியும்தான். ஆனால் நான்கு மாதம் கையில் இருக்கும்போது வாதாட வேண்டிய நிலையை நாமே ஏன் உண்டாக்க வேண்டும்? காப்பீட்டு நிறுவனம் நாளைக்கே தன் பங்குக்கு ஒரு தொகையைப் பேசி முடித்து வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், போய்ச் சேர ஒரு வழக்கே இருக்காது. இரண்டு ஆண்டும் கடந்திருந்தால் புதிதாகப் போடவும் முடியாது.

சேருவதற்கு இரண்டு வழிகள். ஏற்கெனவே நடக்கும் வழக்கில் தலையீட்டு மனு கொடுத்து வாதியாக நுழைவது ஒன்று. உரிமையியல் நடைமுறைத் தொகுப்பின் 387ஆம் பிரிவு, சட்டம் ஒருவருக்கு நிபந்தனையற்ற உரிமை கொடுத்திருந்தால் உரிய காலத்தில் கேட்கும்போது நீதிமன்றம் அனுமதித்தாக வேண்டும் என்கிறது. தனியாக வழக்குத் தாக்கல் செய்து, இரண்டையும் இணைக்கக் கேட்பது இன்னொன்று. உங்கள் நிலையில் இரண்டாவதே எனக்குப் பிடிக்கும். காரணம் எளியது: காப்பீட்டு நிறுவனத்தின் வழக்குக்கு என்ன நேர்ந்தாலும் உங்கள் கணவரின் வழக்கு தன் காலில் நிற்கும். தாக்கல் செய்ததும் அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப மறக்கக் கூடாது. அந்தக் கடமை இரு தரப்புக்கும் பொது.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. கடிதம் முழுக்கக் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் தனியாக ஒரு கோரிக்கை இருக்கிறது. ஒருவர் கடுமையாகக் காயப்பட்டால் அவருடைய துணைவர் இழக்கும் தோழமை, ஆதரவு, தாம்பத்தியம் ஆகியவற்றுக்காகத் தவறு செய்தவரிடம் அந்தத் துணைவரே நஷ்ட ஈடு கேட்கலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974இல் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கும் ஒரு பணியிட விபத்தில்தான் பிறந்தது. இந்தப் பணம் உங்களுடையது. கணவருக்குக் காம்ப் கொடுத்த நிறுவனம் தன் தொகையை இதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது என்று 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கில் உங்கள் இழப்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. உங்கள் இரண்டு ஆண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கணவர் தாக்கல் செய்யும் வழக்கிலேயே நீங்களும் இரண்டாம் வாதியாகச் சேர்ந்துகொள்ள வேண்டும். இதைக் கூச்சத்தோடு தவிர்க்கும் நம் பெண்கள் அதிகம். படுக்கையறை விவரங்களைக் கேட்பார்களோ என்ற தயக்கம் புரிகிறது; கேள்விகள் வரத்தான் செய்யும். வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. தெரிந்து வேண்டாம் என்று சொல்லுங்கள், தெரியாமல் விட்டுவிட வேண்டாம்.

பணக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் மனக்கசப்பு பெரும்பாலும் கடைசியில் இங்கேதான் வருகிறது. எளிமைக்காக ஒரு கற்பனைக் கணக்கு. காப்பீட்டு நிறுவனம் இதுவரை 1.9 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது என்று வையுங்கள். வழக்கு 6 லட்சத்துக்குச் சமரசமாகிறது. கட்டணமும் செலவுமாக 2.4 லட்சம் போகிறது. மீதி 3.6 லட்சத்தில் காப்பீட்டு நிறுவனம் 1.9 லட்சம் கேட்கும். உங்கள் கணவர் கையில் 1.7 லட்சம். நடைமுறையில் அந்த 1.9 லட்சம் அப்படியே போகாது. வழக்கை நடத்தி ஜெயித்துக் கொடுத்தவர் உங்கள் வழக்கறிஞர் என்றால், காப்பீட்டு நிறுவனமும் அந்த உழைப்பின் பலனைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதைக் காட்டிக் குறைக்கச் சொல்லிப் பேசுவது வழக்கம். இரு தரப்பும் தனித்தனி வழக்கறிஞர் வைத்திருந்தால், அவரவர் தம் கட்சிக்காரருக்காகச் செய்த வேலைக்கு ஏற்பவே கட்டணம் என்கிறது 3856. காப்பீட்டு நிறுவனம், "எங்கள் வழக்கறிஞரே உங்களுக்கும் வாதாடட்டும், செலவு மிச்சம்" என்று சொல்லக் கூடும். இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞர் என்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. நான் அனுமதிக்க மாட்டேன். பங்கு பிரிக்கும் நாளில் அவர் யார் பக்கம் உட்காருவார்?

அந்த 1.7 லட்சத்தின் மேல் இன்னொரு கண்ணும் இருக்கிறது. 3861ஆம் பிரிவு, தொழிலாளி மூன்றாம் தரப்பிடமிருந்து பெற்ற நிகரத் தொகையை இனிக் கொடுக்க வேண்டிய காம்ப் தொகைக்கு எதிராக வரவு வைத்துக்கொள்ளும் உரிமையைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. சேர்ந்தால் காம்ப் நின்றுவிடுமா என்று கேட்டீர்களே, பதில் இதுதான். சேர்வதால் நிற்காது; தொடரும். பணம் கைக்கு வந்த பிறகு நிற்க வாய்ப்பு உண்டு. இரண்டு ஆண்டு கழித்து 60,000 டாலருக்கு இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், "முதலில் உங்களிடம் இருக்கும் 1.7 லட்சத்தைச் செலவழியுங்கள்" என்று அவர்கள் சொல்லலாம். அந்தப் பணத்தில் வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் சங்கடம்தான். ஆகவே சமரசம் பேசும்போது இரண்டு எண்களைப் பேச வேண்டும்: திரும்பக் கொடுக்கும் தொகை எவ்வளவு, எதிர்கால வரவை எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். முதல் எண்ணை மட்டும் குறைத்துவிட்டு வெற்றி என்று வந்து நிற்கும் வழக்கறிஞரிடம் இரண்டாவதைப் பற்றிக் கேளுங்கள். காம்ப் வழக்கு இன்னும் முடியாமல் இருக்கும் இந்த நேரம் அதற்கு நல்ல நேரம். இரண்டு வழக்குகளையும் ஒரே மேசையில் வைத்துப் பேசலாம். "என் வேலை இல்லை" என்று சொன்ன உங்கள் காம்ப் வழக்கறிஞர் சொன்னது பாதி சரி. மூன்றாம் தரப்பு வழக்கை அவர் நடத்த வேண்டியதில்லை. நடத்துகிறவரோடு அவர் பேசத்தான் வேண்டும்.

சமரசத்தில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. 3859ஆம் பிரிவின்படி முதலாளி தரப்பு, தொழிலாளி இருவரின் எழுத்துபூர்வச் சம்மதமும் இல்லாமல் செய்யும் உடன்பாடு செல்லாது. உங்கள் கணவரின் கோரிக்கையையும் சேர்த்துக் காப்பீட்டு நிறுவனம் விற்றுவிட முடியாது. மறுபுறம், தொழிலாளி தன் கோரிக்கையை மட்டும் தனியாக முடித்துக்கொள்ளலாம்; அப்போதும் காப்பீட்டு நிறுவனம் தன் தொகைக்கு லாரி நிறுவனத்தைத் துரத்தலாம். இதனால்தான் அவர் கையெழுத்துக்காக ஒரு தாள் எப்போதாவது வீடு தேடி வரும். சம்மதப் படிவம், விடுவிப்புப் பத்திரம், வெறும் சம்பிரதாயம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சொந்த வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

எரியாத விளக்கைப் பற்றி. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான், கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மேடையைப் பராமரிப்பது கிடங்கு நிறுவனம், அதாவது உங்கள் கணவரின் முதலாளி என்றால், விபத்தில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்று லாரி நிறுவனம் நிச்சயம் சொல்லும். இதன் விளைவு இரண்டு பக்கமும் போகும். 1961இல் விட் எதிர் ஜாக்சன் வழக்கிலிருந்து கலிபோர்னியாவில் ஒரு விதி இருக்கிறது: தவறில் பங்குள்ள முதலாளி, கொடுத்ததை முழுதாகத் திரும்பப் பெற முடியாது. 1978இல் இன்னொரு தீர்ப்பு அதை விகிதக் கணக்காக மாற்றியது. மொத்த இழப்பு 6 லட்சம், முதலாளியின் பங்கு 20 சதவீதம் என்று முடிவானால், 1.2 லட்சம் அவர்கள் பொறுப்பு, கொடுத்த 1.9 லட்சத்தில் 70,000தான் திரும்பக் கேட்க முடியும். இது உங்களுக்கு நல்லது. மறுபக்கம், 1986இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 51ஆம் முன்மொழிவின்படி, வலி வேதனைக்கான தொகையில் ஒவ்வொரு பிரதிவாதியும் தன் தவறின் பங்கை மட்டுமே கொடுப்பார். காம்ப் பேரத்தால் வழக்கிலிருந்து தப்பித்த முதலாளியின் பங்கும் அந்தக் கணக்கில் கழியும் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பகுதியை யாரிடமும் வாங்க முடியாது. இது உங்களுக்குக் கெட்டது.

விளக்கைப் பற்றிய உண்மை காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தைக் குறைக்கக் கூடியது என்பதை இப்போது கவனியுங்கள். அதைத் தொலைபேசியில் அவர்களுடைய வழக்கறிஞரிடமா சொல்வது? அவர் உங்கள் வழக்கறிஞர் அல்ல. அவரிடம் பேசுவதற்கு வழக்கறிஞர், கட்சிக்காரர் இடையிலான ரகசியக் காப்பும் கிடையாது. உங்கள் கணவர் தன் வழக்கறிஞரிடம் முதலில் சொல்லட்டும், எந்த வாரத்திலிருந்து எரியவில்லை, யாரிடம் புகார் சொன்னார், உடன் வேலை செய்தவர்களில் யார் பார்த்தார் என்பதோடு. மறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. டெபொசிஷனில் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

யார் யாரை வழக்கில் சேர்ப்பது என்பதிலும் நிதானம் தேவை. பெட்டிகளில் அச்சிட்ட பெரிய நிறுவனத்தின் பெயரைப் பார்த்து "அவர்கள் மீதும் போடுங்கள்" என்று உறவினர்கள் சொல்வார்கள். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் நடந்த ஒரு விபத்தைச் சொல்கிறேன். பயணிகளின் பெட்டிகளைக் கொண்டுசெல்லும் கன்வேயரைப் பராமரிக்க யுஎஸ் ஏர்வேஸ் ஒரு ஒப்பந்த நிறுவனத்தை வைத்திருந்தது. அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கியது. சீபிரைட் என்ற காப்பீட்டு நிறுவனம் அவருக்குக் காம்ப் கொடுத்துவிட்டு விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. காயம்பட்டவரும் அதில் வாதியாகச் சேர்ந்தார், உங்கள் கணவர் சேர நினைப்பதைப் போலவே. 2011இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இருவருக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக்காரரை வேலைக்கு அமர்த்துகிறவர், அந்த ஊழியர்களின் பாதுகாப்புப் பொறுப்பையும் ஒப்பந்தக்காரரிடமே ஒப்படைத்ததாகக் கருதப்படுவார் என்பது காரணம். சேரும் உரிமை இருந்தது, ஜெயிக்கும் வழக்கு இல்லை. உங்கள் கணவரின் கிடங்கை ஒப்பந்தத்துக்கு அமர்த்திய நிறுவனம் மீது வழக்குப் போட்டால் இதே சுவர் எதிரில் நிற்கும். பின்னால் பார்க்காமல் லாரியை ஓட்டியவர் மீது போடுவதற்கு அந்தச் சுவர் கிடையாது.

அவர் சம்பளம் யார் பெயரில் வருகிறது என்பதையும் பாருங்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போனவர் என்றால், கிடங்கு நிறுவனமும் முதலாளியாகவே எண்ணப்பட்டுக் காம்ப் பாதுகாப்புக்குள் வரலாம். லாரி ஓட்டுநரும் அதே முதலாளியிடம் வேலை செய்கிறவர் என்று தெரியவந்தால் கதையே மாறிவிடும். சக ஊழியர் மீது பொதுவாக வழக்குப் போட முடியாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

சாட்சியங்களுக்கு ஏற்கெனவே இருபது மாத வயது. லாரி ஓட்டுநரின் பணி நேரப் பதிவேடுகளை ஆறு மாதம் வைத்திருந்தால் போதும் என்பது மத்திய அரசின் விதி. கிடங்கு கேமரா பதிவுகள் அதற்கும் முன்பே அழிந்திருக்கலாம். இங்கேதான் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கு உங்களுக்கு உதவக் கூடும். அவர்கள் விபத்து நடந்த வாரத்திலேயே ஆள் அனுப்பிப் படம் எடுத்து, வாக்குமூலம் வாங்கி, பதிவுகளை அழிக்கக் கூடாது என்று கடிதம் அனுப்பியிருக்க வாய்ப்புண்டு. உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் பொருள் அந்தக் கோப்பு. லாரி நிறுவனத்தின் தவறை நிரூபிக்கும் வரை காப்பீட்டு நிறுவனமும் நீங்களும் ஒரே பக்கம்தான். அந்த ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கிரீன் கார்டு பயம். உடற்காய வழக்கில் ஒருவருடைய குடியேற்ற நிலையைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது, அதைப் பற்றித் துருவிக் கேட்கவும் கூடாது என்று கலிபோர்னியாவின் சாட்சியச் சட்டத் தொகுப்பில் 351.2 என்ற பிரிவே இருக்கிறது. 2017 முதல் நடைமுறையில் உள்ளது. தவறு செய்தவரிடமிருந்து வாங்கும் நஷ்ட ஈடு அரசு உதவித்தொகையும் ஆகாது. ஆனாலும் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அவர் பின்னால் கேள்விப்பட்டு அதிர்ச்சி அடைய வேண்டாம். வேலையைப் பொறுத்தவரை, இந்த வழக்கு கிடங்கின் மீது இல்லை. காம்ப் கோரியதற்காக ஒருவரைத் தண்டிப்பதைத் தொழிலாளர் சட்டத்தின் 132ஏ பிரிவு தடுக்கிறது. மேலாளர் ஏதாவது சொன்னால் தேதியோடு குறித்துவையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கட்டில் உள்ள வழக்கு எண்ணையும் மாவட்டத்தையும் குறித்துக்கொண்டு, மூன்றாம் தரப்பு விபத்து வழக்குகளை நடத்தும் இரண்டு மூன்று பேரைப் பாருங்கள். பெரும்பாலும் ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாடுதான். அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொருவரிடமும் மூன்றைக் கேளுங்கள். காம்ப் தொகையைக் குறைக்கப் பேசுவது உங்கள் கட்டணத்துக்குள் அடங்குமா? எதிர்கால வரவை எப்படிக் கையாள்வீர்கள்? டெபொசிஷனுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வீர்களா? கடைசிக் கேள்வியைச் சிறிதாக நினைக்க வேண்டாம். கிடங்கில் பேசும் ஆங்கிலம் போதும் என்று உங்கள் கணவர் சொல்வார். பாதி புரிந்த கேள்விக்கு "ஆமாம்" என்று சொன்ன ஒரு பதில், விசாரணை அறை வரை கூடவே வரும்.

காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் மறுபடி அழைத்தால், "என் கணவர் 3853ஆம் பிரிவின்படி தன் உரிமையைப் பயன்படுத்தப் போகிறார், எங்கள் வழக்கறிஞர் உங்களிடம் பேசுவார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வையுங்கள். அதையே ஒரு சிறு கடிதமாகவும் அனுப்பி, நகலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.